ரோண்டாவை இருக்கச் சொன்னவன்

கம்பெனிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டர் வேலையை ஏன் வெளியாளிடம் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். லோவெல் க்ரீகரைக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வான். நெப்ராஸ்கா மாநிலத்து ஹேஸ்டிங்ஸ் ஊரில் இருந்த அந்தப் பயிர்க் காப்பீட்டுக் கம்பெனிக்கு அந்தக் காரணங்களை எழுதிக் கொடுத்தவனே அவன்தான். கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவனும் அவன்தான். தன் ஆட்களின் வேலைக்குத் தானே எழுதி வைத்தான் சாவுச் சீட்டு.

எழுதச் சொன்னவன் கெண்ட் ஆல்ம்க்விஸ்ட். கம்பெனியின் வரவு செலவு மொத்தமும் அவன் கையில். பிப்ரவரியில் ஒருநாள் லோவெலை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். அந்த ஆபீஸில் யாரும் கதவைச் சாத்திப் பேச மாட்டார்கள். சாத்தினால் ஒன்று யாருக்கோ உடம்பு முடியவில்லை, இல்லையென்றால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

"சுத்தி வளைக்கல லோவெல். கம்ப்யூட்டர் பிரிவ மொத்தமா வெளிய குடுக்கறோம். போர்டு ஒத்துக்கிச்சு. எதுக்குக் குடுக்கறோம்னு விளக்கமா ஒரு அறிக்கை வேணும். உன்ன விட்டா யாரு எழுதுவா?"

"மொத்தமான்னா? என் ஆளுங்க எல்லாரையுமா?"

"உன் ஆளுங்க என் ஆளுங்கன்னு பேசாத. நம்ம தொழில் என்ன? ஆலங்கட்டி விழுந்து சோளம் நாசமாப் போச்சுன்னா விவசாயிக்குப் பணம் குடுக்கறது. கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு மாரடிக்கறதா நம்ம தொழில்? படிச்ச பசங்க எவனாவது இந்த ஊருக்கு வேலைக்கு வர்றானா? வந்தா ஒரு குளிர்காலம் தாங்கறானா? நீயே சொல்லு."

கெண்ட் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் லோவெலுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஓய்வு பெறுகிறவர்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கம்பெனியை ஓட்டிக்கொண்டிருந்த புரோகிராம், அங்கே வேலை பார்த்த பாதிப் பேரைவிடக் கிழடு. வெளியாளிடம் கொடுத்தால் மாதச் செலவு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான், எல்லாவற்றையும் எழுதினான்.

எழுதாத காரணம் ஒன்று உண்டு, அதை எந்தக் கம்பெனியும் எழுதாது. ஆலங்கட்டி கொட்டுகிற பருவத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவருகிறவன் லோவெலின் ஆள் டுவேன். அவனைத் திட்ட முடியாது. அவன் மகளும் உங்கள் மகளும் ஒரே அணியில் பந்து விளையாடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வெளியாள் என்றால் முகம் கிடையாது. போனைப் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டலாம். பெரிய மனிதர்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த வசதியைத்தான், வேறென்ன?

அறிக்கையில் ஒரு வரி, "ஒரே ஆளை நம்பியிருப்பது ஆபத்து" என்று. அந்த ஒரே ஆள் ரோண்டா ப்ரோசாஸ்கா. நஷ்டஈட்டுக் கணக்குப் போடுகிற புரோகிராம் முழுக்க அவள் பொறுப்பு. லோவெல் அங்கே சேர்ந்த வருஷமே அவளும் சேர்ந்தவள். போன கிறிஸ்துமஸ் விருந்தில், "ரோண்டா இல்லாட்டி நாம இல்ல" என்று கம்பெனித் தலைவர் சொல்ல, கூடமே எழுந்து நின்று கை தட்டியது. கை தட்டியவர்களில் கெண்டும் ஒருவன், லோவெலும் ஒருவன். அதே சங்கதிக்கு இப்போது ஆபத்து என்று பெயர் வைத்தாயிற்று.

"உனக்கு நாற்காலி இருக்கு, கவலப்படாத" என்றான் கெண்ட். "வெளியாளுங்கள மேய்க்க ஒருத்தன் வேணுமில்ல? ஆனா ஏப்ரல்ல நாங்களாச் சொல்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. உன் பொண்டாட்டிகிட்டகூட." வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

லோவெல் சண்டை போட்டிருக்கலாம். போடா நீயும் உன் நாற்காலியும் என்று எழுந்து வந்திருக்கலாம். அவன் கேட்டதெல்லாம், "அறிக்கை என்னிக்கு வேணும்?" என்பதுதான். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவன் காது மடல் சுட்டது.

மார்ச்சில் வெளிக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேலையை எடுத்துக்கொள்கிறவர்கள் முதலில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா, அதற்கு. தணிக்கைக்கு வந்திருக்கிறார்கள் என்று லோவெல் தன் ஆட்களிடம் சொன்னான். எல்லாத்தையும் விளக்கமா எழுதி வெக்கணுமாம், நல்லாச் சொல்லிக் குடுங்க என்றான். யாரும் சந்தேகப்படவில்லை. லோவெல் சொன்னால் சந்தேகப்படுகிற வழக்கம் அந்த ஊரிலேயே இல்லை. எந்த வண்டி வாங்கலாம், எந்தப் பல் டாக்டர் பிடுங்கித் தின்ன மாட்டான் என்றெல்லாம் அவனைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

வந்த இருவரில் ஒருத்தி அகிலா. நம் ஊர்ப் பெண்தான், கோவில்பட்டிப் பக்கம். வேலை அங்கிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று நான் சொல்லவும் வேண்டுமா? இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலேயே யாராவது அந்த ராத்திரி ஷிஃப்டைப் பார்த்திருப்பார்கள்.

ரோண்டாவுக்கு அகிலாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தாள். எந்த மாவட்டத்தில் விளைச்சல் கணக்கு தாமதமாக வரும், அதற்காகப் புரோகிராமில் எங்கே ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறது, அந்த ஒட்டைப் பிரித்தால் என்னென்ன கொட்டும் என்று எல்லாம் சொன்னாள்.

"இத யாரும் இதுவர எங்கிட்டக் கேட்டதே இல்ல, தெரியுமா?" என்றாள் லோவெலிடம். "இந்தத் தணிக்கை வருஷா வருஷம் வரணும்ப்பா. எவனாவது உக்காந்து கேட்டாத்தானே நாம என்ன கிழிக்கிறோம்னு நமக்கே தெரியுது."

லோவெல் சிரித்தான். வேறு என்ன செய்வான்?

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாரும் வீட்டிலிருந்து ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்த வாரம் ரோண்டா சில்லி, அதாவது மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, காய்ச்சிக் கொண்டுவந்தாள், கூடவே தட்டு நிறைய இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல். அகிலா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் வெறும் பீன்ஸ் போட்டுத் தனியாக ஒரு சின்னச் சட்டி.

"ரோல பிச்சு இதுல முக்கிச் சாப்பிடணும்" என்றாள்.

"காரத்துலயா? இனிப்பையா?"

"மூஞ்சியச் சுளிக்காதடி பொண்ணே. ஸ்கூல்ல எங்களுக்கு இதுதான் போடுவாங்க. இதத் தின்னாத்தான் நீ நெப்ராஸ்காக்காரி. இல்லாட்டி எல்லையத் தாண்டிப் பக்கத்து ஐயோவா மாநிலத்துல தள்ளிடுவோம்."

கூடமே சிரித்தது. அகிலாவும் சிரித்து, முக்கித் தின்று, நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று எடுத்தாள். காபி மெஷின் பக்கம் லோவெல் தனியாக நின்றபோது தட்டோடு அவனிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார், நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியும்தானே?"

"நேரம் வர்றப்போ சொல்லிடுவோம்."

அகிலா கையிலிருந்த ரோலைப் பார்த்தாள். "எனக்குன்னு தனியா சட்டியில செஞ்சு எடுத்துட்டு வந்திருக்காங்க, சார்" என்றாள். அப்புறம் அதைத் தின்னவும் முடியாமல் குப்பையில் போடவும் மனசில்லாமல் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வயசுப் பெண்ணுக்கு வந்த கூச்சம் தனக்கு வராமல் போயிற்றே என்று லோவெலுக்கு அவமானமாக இருந்தது. அவமானப்பட்டுக்கொண்டே போய் இன்னொரு கிண்ணம் சில்லி ஊற்றிக்கொண்டான்.

அடுத்த வாரம்தான் ரோண்டா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். காற்று ஆளைத் தூக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, லோவெலையும் ஏறச் சொன்னாள்.

"ஒரு சங்கதி. யார்கிட்டயும் மூச்சு விடாத. மின்வாரியத்துலருந்து கூப்பிட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"எதுக்குக் கூப்பிடுவாங்க, கரண்ட் கம்பத்துல ஏறவா? பில்லிங் புரோகிராம் பாத்துக்க ஆள் வேணுமாம். சம்பளம் இங்கவிடக் கொஞ்சம் கம்மி. ஆனா பென்ஷன் உண்டு, இன்ஷூரன்ஸ் சேர்ந்த மாசமே ஆரம்பிச்சிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

லோவெல் எதிரே தெரிந்த தானியக் கிடங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் போக மனசில்ல" என்றாள். "இந்த வயசுல புது ஆளுங்ககிட்டப் போயி, கக்கூஸ் எங்க இருக்குன்னு கேக்கறதுலருந்து ஆரம்பிக்கணும். ஆனா லியோன நினைச்சாத்தான் பயமா இருக்கு."

லியோன் அவள் புருஷன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோண்டாவின் வேலையோடு வருகிற இன்ஷூரன்ஸில்தான் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. அது அறுந்தால் என்ன ஆகும் என்று ரோண்டாவும் பேசுவதில்லை, லியோனும் பேசுவதில்லை.

"கெண்ட் இப்பல்லாம் கதவச் சாத்திக்கிறான்" என்றாள். "எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீ உள்ள போயிட்டு வர்றவன். இங்க ஏதாவது நடக்கப்போகுதா, லோவெல்? நீ போன்னா போறேன். இருன்னா இருக்கேன். எனக்கு வேற யோசனை தெரியல."

போ. ஒற்றை எழுத்து. காரணம்கூடச் சொல்ல வேண்டாம், போட்ட கையெழுத்தையும் மீற வேண்டாம். நல்ல வேலையா இருக்கே, போயேன் என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். அவன் சொன்னான், "நாளைக்குச் சொல்றேன்."

அவன் நேராகக் கெண்டிடம் போனான். ரோண்டாவை மட்டும் போகவிடலாமா என்று கேட்கத்தான் போனான். அதை நம்புங்கள், அந்த மட்டுக்கும் அவனிடம் மனசாட்சி இருந்தது.

கெண்டுக்கு முகமே மாறிவிட்டது. "விளையாடறியா? ஒப்பந்தத்துல மொதல் நிபந்தனையே அவதான். வேலைய ஒப்படைக்கற வரைக்கும் அவ இங்க இருக்கணும். போயிட்டா அவங்க விலைய ஏத்துவாங்க, போர்டு என் கழுத்தப் பிடிக்கும். நான் யார் கழுத்தப் பிடிப்பேன்?"

"அவ புருஷனுக்கு உடம்பு..."

"தெரியும். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அவ இந்த மாசம் கிளம்பினா, உனக்குன்னு வெச்சிருக்கிற நாற்காலியும் கிளம்பிடும், சொல்லிட்டேன்." பிறகு குரலை இதமாக்கிக்கொண்டான். "பொய் சொல்லுன்னா சொன்னேன்? இருன்னு சொல்லு, அவ்வளவுதான்."

லோவெலுக்கும் காரணங்கள் இருந்தன. லிங்கன் நகரத்தில் காலேஜ் படிக்கிற மகள், கடன் முடியாத வீடு, ஐம்பத்தாறு வயசு. இந்த ஊரில் இந்த வேலையை விட்டால் வேறு எங்கே போவான்? ராத்திரி முழுக்க அந்தக் காரணங்களை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டான். காரணம் இல்லாமல் எவன் இழிவான காரியம் செய்கிறான்?

மறுநாள் அதே இடம், அதே பிக்கப்.

"இரு, ரோண்டா" என்றான். "இங்கயே இரு."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நிச்சயமா."

அவள் பெருமூச்சு விட்டாள். அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். "அப்பாடா! ரெண்டு நாளா சோறு இறங்கல. இப்பவே சொல்லித் தொலைச்சிடறேன், இல்லாட்டி மனசு மாறிடும்" என்று அவன் எதிரிலேயே மின்வாரியத்துக்குப் போன் போட்டாள்.

"ரொம்ப நன்றிங்க... இல்லங்க, சம்பளத்துக்காக இல்ல. இங்கயே பழகிப்போச்சு. எங்க ஆளுங்க நல்லவங்க... வேற யாராவது நல்லவங்களுக்குக் குடுங்க."

அவள் பேசி முடிக்கிறவரைக்கும் லோவெல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். போனைப் பிடுங்கி வைத்திருக்கலாம். கை மடியில் கிடந்தது, அசையவில்லை. எங்க ஆளுங்க நல்லவங்க என்று அவள் சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் போனை வைத்துவிட்டு, "வா, பசிக்குது" என்றாள். அவனும் இறங்கிப் போனான்.

தவக்காலம். இறைச்சி விலக்குகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச் கூடத்தில் மீன் வறுவல். ஊரே வந்து நீள மேஜைகளில் உட்கார்ந்து தின்னும். லோவெல் போகாமல் இருக்கத்தான் பார்த்தான், மனைவி கேரல் விடவில்லை. தட்டோடு உட்கார்ந்தால், எதிரே வந்து உட்கார்ந்தான் லியோன். ஆள் பாதியாகிவிட்டிருந்தான், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. வாய் மட்டும் இளைக்கவில்லை.

"என்ன க்ரீகர், மீனப் பாத்துக்கிட்டே இருக்க? அது செத்துப்போச்சு, கடிக்காது."

"பசி இல்ல."

"எனக்குப் பசிக்குது, உப்பு சேக்கக் கூடாதுங்கறான் டாக்டர். உருளைக்கிழங்கப் பாத்து ஏங்கிக்கிட்டிருக்கேன்." தட்டைத் தள்ளிவிட்டு முன்னால் குனிந்தான். "அவ சொன்னா. மின்வாரிய விஷயம்."

லோவெல் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் போகத்தான் சொன்னேன். எங்கிட்டக் காதே குடுக்கல. உன்னக் கேட்டுட்டு வந்து, லோவெல் இருன்னுட்டான்னு படுத்துத் தூங்கிட்டா. ரெண்டு நாளா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டிருந்தவ, குறட்டை விட்டுத் தூங்கறா! என் பேச்சு குப்பை, உன் பேச்சு வேதவாக்கு." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவளுக்கு ஒரு தைரியம் குடுத்தியே, அதுக்கு நன்றிப்பா. எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னாலும் அவளுக்கு நீங்கள்லாம் இருக்கீங்க" என்றான்.

லோவெல் எழுந்துவிட்டான். வண்டியில் எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லி வெளியே போய், வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அழுகை வரும் என்று பார்த்தான், அதுவும் வரவில்லை. அங்கேயே முடிவு செய்தான். திங்கட்கிழமை காலையில் அவளிடம் சொல்லிவிடுவது. கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது. மின்வாரியத்துக்கு மறுபடி போன் போடச் சொல்வது.

திங்கட்கிழமை அவன் அவள் மேஜைக்குப் போனபோது அவளே முந்திக்கொண்டாள்.

"கேட்டியா சங்கதிய? நான் வேண்டாம்னேனே அந்த வேலை, நம்ம டுவேனோட மச்சினிக்குக் கிடைச்சிருக்கு. இன்னிக்கே சேந்துட்டா. நல்ல பொண்ணு, ரெண்டு கொழந்தைங்க. போனதும் நல்லதாப் போச்சு, இல்ல?"

"நல்லதாப் போச்சு" என்றான் லோவெல்.

"நீ எதுக்கு வந்த?"

"சும்மாத்தான்."

இனிமேல் சொல்லி என்ன புண்ணியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் ஒரு சாக்குத்தான். சொல்லியிருந்தால் அவள் வேறு இடம் தேடவாவது ஒரு மாசம் கிடைத்திருக்கும். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

ஏப்ரலில் எல்லாரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். டோனட் வாங்கி வைத்திருந்தார்கள். "காரணமில்லாம கெண்ட் டோனட் வாங்க மாட்டானே" என்றான் டுவேன்.

கெண்ட் தாளைப் பார்த்து வாசித்தான். கம்பெனியின் எதிர்காலம், விவசாயிகளின் நலன், நம் தொழிலில் நாம் கவனம் செலுத்த வேண்டிய காலம். லோவெல் எழுதிய வாக்கியங்கள்தான், ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் மாற்றியிருந்தான். ஜூலையோடு இந்தப் பிரிவு மூடப்படும். அதுவரை இருந்து புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பணம் தரப்படும். சுவரோரம் அகிலா நின்றுகொண்டிருந்தாள். இவர்கள்தான் நம் புதிய கூட்டாளிகள் என்றான் கெண்ட்.

ரோண்டா திரும்பி அகிலாவைப் பார்த்தாள். "நீ தணிக்கை இல்லையா?" என்றாள். அகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

டுவேன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கெண்டைப் பார்க்கவில்லை, லோவெலைப் பார்த்துத்தான் கத்தினான்.

"தணிக்கைன்னு சொன்னது யாரு? நீதானே? ஒண்ணு விடாம சொல்லிக் குடுங்கன்னு சொன்னது யாரு? எங்க கழுத்துக்குக் கயித்த எங்கள விட்டே திரிக்கச் சொன்னியேடா! உனக்குத் தெரியும். ஆரம்பத்துலருந்தே தெரியும்."

"டுவேன், உக்காரு" என்றாள் ரோண்டா.

"நீ சும்மா இரு. இவன் மூஞ்சியப் பாரு, தெரியும்னு எழுதி ஒட்டியிருக்கு."

"வாய மூடுன்னேன்!" ரோண்டா எழுந்து நின்றுவிட்டாள். லோவெலின் நாற்காலிக்குப் பின்னால் வந்து அவன் தோளில் கையை வைத்தாள். "யார் மேல வேணா பழி போடு, இவன் மேல போடாத. உங்க யார்கிட்டயும் நான் சொல்லல. மின்வாரியத்துல உன் மச்சினி சேந்தாளே, அந்த வேலை மொதல்ல எனக்குத்தான் வந்துச்சு. போகவா இருக்கவான்னு நான் இவன்கிட்டத்தான் கேட்டேன். இவன்தான் இருன்னான். லியோன் எந்த நெலமையில கெடக்கான்னு இவனுக்குத் தெரியும். இப்படி ஆகப்போகுதுன்னு தெரிஞ்சிருந்தா என்ன இருக்கச் சொல்லியிருப்பானா? மனுஷனாப் பொறந்தவன் எவனாவது சொல்வானா? யோசிச்சுப் பேசு."

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆமாம், அது சரிதானே.

"இவனையும்தான் ஏமாத்தியிருக்காங்க, பாவம்" என்றாள் ரோண்டா, லோவெலின் தோளை அழுத்தி.

கெண்ட் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சும்மா இருந்துவிட்டால் போதும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாலே லோவெல் க்ரீகர் எப்போதும் போல நல்லவன்தான். தோளில் அந்தக் கை இருந்தது. அந்தக் கையைத் தாங்க முடியவில்லை அவனால்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?" ரோண்டா குனிந்து கேட்டாள்.

"எல்லாம். பிப்ரவரிலருந்து தெரியும். நீ எங்கிட்டக் கேட்டப்பவே தெரியும். அந்த அறிக்கைய எழுதினதே நான்தான். நீ போயிட்டா ஒப்பந்தம் கெட்டுப்போயிடும்னு கெண்ட் சொன்னான். அதனாலதான் உன்ன இருக்கச் சொன்னேன்."

சொல்லி முடித்ததும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கு மூச்சு லேசாக வந்தது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. இப்போது எல்லாரும் என்னைக் காறித் துப்பட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று நிமிர்ந்து பார்த்தான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் ரோண்டாவின் மேல் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எழுந்து நின்று, அவன் தோளில் கை வைத்து, மனுஷனாப் பொறந்தவன் எவனாவது சொல்வானா என்று கேட்ட ரோண்டாவின் மேல். அவ்வளவு கத்திய டுவேன்கூட அவளைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏமாந்த முட்டாளைப் பார்க்கிற பார்வை அது, இரக்கம் கலந்தது. அவள் கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல மெல்ல ஏறிக் காது வரைக்கும் போனது. அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"லோவெல்" என்றாள். "இதையாவது எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். டுவேன் தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டான். உட்கார்ந்து முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு கெண்டைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்?"